எர்த் வயரைப் பிடித்திருந்தவர்

சங்ககிரியில் லாரிப்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில், எடைமேடை வைத்திருக்கும் அர்த்தநாரி தன் ஒரே மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க வாங்கிய வெள்ளைக் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டரும் திருட்டு அலாரமும் பொருத்திய நாளிலிருந்து, பூட்டிய அந்தக் காரை யார் தொட்டாலும் கார் கத்தாமல் அர்த்தநாரி கத்தினார். எங்கே இருந்தாலும் கத்தினார். எடைமேடையில் இருந்தாலும், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாலும், குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாலும், கழுத்து விறைத்து, கண் நிலைகுத்தி, "யாரது, யாரது, யாரது" என்று ஏறி இறங்கும் ஒரே ராகத்தில், சாவிக்கொத்தில் தொங்கும் ரிமோட்டின் பொத்தானை யாராவது அவர் பக்கத்தில் வைத்து அமுக்குகிற வரைக்கும் விடாமல் கத்தினார்.

அர்த்தநாரி பயந்த ஆள் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். லோடு லாரி எடைமேடையில் ஏறும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார், இறங்கின பிறகுதான் விடுவார். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதிச் சினிமாவில் எழுந்து வீட்டுக்கு வந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு வெளிச்சத்திலும் நாலைந்து தெரியும். அப்படிப்பட்டவர் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு கார் வாங்கி, கல்யாணம் ஆவணியில் என்றிருக்க வைகாசியிலேயே அதைத் தெருவில் நிறுத்திவைத்தால் தூக்கம் வருமா? ஒயரிங் தேவராசுவைக் கூப்பிட்டார்.

தேவராசு எங்கள் பேட்டையில் ஹாரனிலிருந்து வைப்பர் வரை பார்க்கிறவர். கார் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கின் அடியில் மல்லாக்கப் படுத்து, கால் இரண்டையும் ரோட்டில் நீட்டிக்கொண்டு, கோழி வயிற்றைச் சுத்தம் பண்ணுகிற மாதிரி வயர்களை வெளியே இழுத்துப் போட்டார். ஒவ்வொரு வயர் வெளியே வரும்போதும் அர்த்தநாரி அதை விரல்விட்டு எண்ணிவைத்துக்கொண்டார்.

"ஏனுங், இந்தக் காலத்துக் கார் சாவிக்குள்ள ஒரு சில்லு இருக்குதுங்க. அது பக்கத்துல இருந்தாத்தான் இன்ஜின் நம்மள நம்பும். ரிமோட்டுல ஸ்டார்ட் ஆகோணும்னா அந்தச் சில்லை உள்ளயே ஒளிச்சு வெச்சுப்போடோணும். ஸ்பேர் சாவியக் குடுங்க, ஒடச்சு எடுத்துக்கறேன்" என்றார் தேவராசு.

"சீருக்கு வாங்குன காரோட சாவிய ஒடைக்கறதா? வாய்ல நல்ல வார்த்தையே வராதா தேவராசு உனக்கு?"

"அப்ப முழுச் சாவியவே வெச்சுக் கட்டீரட்டுங்களா?"

"முழுசாவே கட்டு. ஒரு கீறல் விழுவப்படாது."

தேவராசு முழுச் சாவியையும் கறுப்பு டேப்பில் சுற்றி டேஷ்போர்டின் அடியில் கட்டினார். ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் கதவுப் பூட்டு விடுபட்டு இன்ஜின் ஓடும், ஆனால் கால் மணி நேரத்துக்குள் யாராவது துளையில் சாவி போட்டுத் திருகாவிட்டால் தானாக அணைந்துவிடும், கூப்பிடு தூரத்துக்கு மேல் எட்டாது என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே, அலாரத்தின் எர்த் வயரை வண்டியின் இரும்பு உடம்பில் ஒரு போல்ட்டைக் கழற்றி முடுக்குவதற்காக, "இத சித்த புடிங்" என்று அர்த்தநாரியின் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டீயோடு ஒரு லாரி டிரைவர் ஹாரன் வேலை செய்யவில்லை என்று வந்தார். தேவராசு போய் ஹாரனைச் சரிபண்ணி, மூன்று ஊர் கேட்கிற மாதிரி அடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து டேஷ்போர்டை மூடினார். வயரைக் கொடுத்ததை அவர் மறந்துவிட்டார், பிடித்திருப்பதை இவர் மறந்துவிட்டார், டேஷ்போர்டு மூடினபோது அர்த்தநாரியின் கையில் வயர் எதுவும் இல்லை. அது எப்போது, எப்படிப் போனது என்று இருவருக்கும் தெரியவில்லை. அலாரம் வேலை செய்கிறதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு மினுக்கியது. வேலை செய்கிற வண்டியைப் பற்றி யோசிப்பது தேவராசுவின் வழக்கமில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாவாயியின் வெள்ளாடு பானெட்டில் முன்னங்காலை வைத்தது. பேட்டைக்கு அந்தப் பக்கம் எடைமேடையில் நின்றிருந்த அர்த்தநாரி "யாரது, யாரது" என்று ஆரம்பிக்க, மேடையில் பாதி ஏறியிருந்த நெல் லாரிக்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பேர், ஊர், முதலாளி பேர் எல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியில் பயந்து பின்னால் எடுத்துவிட்டார். இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மனைவி சம்பூரணம் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த ரிமோட்டை அமுக்கினாள். பாதி "யா"வோடு அவர் நின்றுவிட்டு, "காப்பி இருக்குதா?" என்று கேட்டார்.

தேவராசு வந்து திறந்து பார்த்தார். எல்லா வயரும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தது. எர்த் வயர் ஒன்று மட்டும் சாண் நீளம் போய், வெட்டின அடையாளம் இல்லாமல், காற்றில் முடிந்துபோயிருந்தது.

"அடுத்த முனை உங்களுக்குள்ள இருக்குதுங்க. கழட்டுனா காருக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். தெரியாததைச் செய்யச் சொல்லும் ஆளா அர்த்தநாரி? மூடிவிடச் சொன்னார்.

எங்கள் தெரு எதையும் ஒரு வாரத்துக்குள் பழகிக்கொள்ளும் தெரு. ஆடுகளைக் கட்டிப்போட்டோம். காரைச் சுற்றிக் கோலம் போட்டு, அந்தக் கோலத்தைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பால்காரர் வளைந்து போனார். கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்துக்கு அர்த்தநாரியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் ரிமோட்டோடு பொறுப்பான ஆள் ஒருவரைப் போட்டோம். மழைக்கு அவர் கத்தவில்லை, உடம்பு மட்டும் சிலிர்த்துக்கொண்டது. வெயிலில் கார் காய்ந்தால் வீட்டுக்குள் விசிறிக்கடியில் உட்கார்ந்தே வேர்த்து ஊற்றினார். பிள்ளைகள் கோலத்துக்கு வெளியே நின்று கையை நீட்டி, தூசி படிந்த பின்கண்ணாடியில் விரலால் ஏதாவது எழுதிவிட்டு ஓடினால், அது எழுத்து எழுத்தாக அவர் முதுகில் ஊர்ந்தது. "யாரது, யாரது" என்று கத்தின கத்தலுக்கு நடுவிலேயே, "எழுத்துப் பிழையோட எழுதறான், அது அந்தத் தையக்காரன் பையந்தான்" என்று முனகுவார், அதுவும் சரியாக இருக்கும்.

பாவாயிக்கு நாலு லாரி, இரண்டு மகன், நிறைய நேரம். அவள்தான் முதலில் அந்தக் கத்தலைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். காக்கைக்குக் குரல் வெடுக்கென்று ஏறும், பூனைக்குக் குழையும், மனிதக் கை என்றால் அடித்தொண்டையிலிருந்து வரும். "இது சும்மா சாஞ்சு நிக்கற ஆளு, போயிருவான்" என்று அவள் சோறு பிசைந்துகொண்டே சொல்ல, நாங்களும் பேச்சை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வோம்.

மகள் இந்துஜாவுக்குத்தான் அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காரைத் துடைத்தால் அவருக்கு முதுகு தேய்த்துவிடுகிற மாதிரி சுகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, ரிமோட்டை அமுக்கிவிட்டுத் தினமும் மெதுவாகத் துடைப்பாள். பேட்டை மைதானத்தில் அவளுக்குக் கார் ஓட்டவும் அவரே கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்பது பேருக்கு. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, திருச்செங்கோட்டு மலையில் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டார். அவள் தானாகக் கற்றுக்கொண்டாள்.

ஆவணி வந்தது, கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை பிரகதீஷுக்குத் தாராபுரம், சொந்தத்தில் நூல் மில். மண்டபத்து வாசலில் பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறின நேரம், மற்ற அப்பாக்கள் கண்ணீர் விட்டு ஆசீர்வாதம் பண்ணுகிற இடத்தில், அர்த்தநாரி மகளின் காதில் குனிந்து, "கண்ணு, ஸ்டியரிங்குக்கு அடீல, டேஷ்போர்டுக்குள்ள, கறுப்பு டேப்புல ஒரு சாவி இருக்குது. யாருகிட்டயும் சொல்லாத. சாவி தொலஞ்சாலும் தொலையும்" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கார் போனதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அழுதோம், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, இனிமேல் ஆட்டை அவிழ்த்துவிடலாம்.

ஆனால் கூப்பிடு தூரம் என்பதெல்லாம் ரிமோட்டுக்குத்தான், அர்த்தநாரிக்கு இல்லை. அடுத்த நாள் காலையிலேயே தாராபுரத்தில் யாரோ காரைத் தொட்டார்கள், சங்ககிரியில் இவர் கத்தினார். சம்பூரணம் வீட்டில் எடுத்துவைத்திருந்த இரண்டாவது ரிமோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள். எங்களுக்கு அது தொல்லையாகப் படவில்லை, சேதியாகப் பட்டது. "அங்க மழ புடிச்சுக்கிச்சு" என்பாள் பாவாயி, அவர் கை மயிர் சிலிர்ப்பதைப் பார்த்து. "யாரோ அழுத்தித் தொடைக்கறாங்க, வேலையாளு போல. புள்ள கையா இருந்தா மொகம் இப்பிடியா இருக்கும்?" என்பாள். எங்கள் தெருப் பெண்ணைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி நாங்கள் இருந்தோம்.

புரட்டாசி கழிந்தது. தலைதீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வரவில்லை, மில்லில் வேலை என்றார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், எடைமேடையில் நின்றிருந்த அர்த்தநாரி கத்தவில்லை, "ஹக்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகுதான் "யாரது" வந்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் நெஞ்சில் முஷ்டி அளவுக்குக் கன்றியிருந்தது. பாவாயி பார்த்துவிட்டு, அந்தச் சட்டையை எடுத்து அவர் மேல் போர்த்தினாள். 

அன்றைக்குச் சாயங்காலம் போன் போட்டார்கள். மாப்பிள்ளை எடுத்து, நலம் விசாரித்து, ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் கொடுத்தார். "நல்லாத்தானுங்கப்பா இருக்கறேன். சாப்புட்டீங்களா? அம்மா கால் வலி எப்பிடி இருக்குது?" என்றாள் இந்துஜா. குரலில் ஒரு பிசிறு இல்லை. அப்புறம் அந்த மாதிரி அடி அடிக்கடி விழுந்தது. பானெட்டில் ஒன்று, கதவில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. காரை அடிக்கிறவன் காரோடு நிறுத்துவானா என்று எங்களுக்குள் நினைத்துக்கொண்டோம், யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அர்த்தநாரிக்கு மட்டும் முகத்தில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது.

பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். வாழை இலை போட்டு விருந்து வைத்தார்கள். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறச் சொன்னார். கார் ஷெட்டில் தூசி அப்பிப்போய் நின்றது. "ஓட்டறதில்லீங்களா மாப்ள?" என்று கேட்டதற்கு, "இவளுக்கு எங்க மாமா போகோணும்? போகோணும்னா நான் கூட்டீட்டுப் போறேன்" என்று சட்டைப்பையிலிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். அவளிடம் தனியாகப் பேச ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. அவள் போனும் மாப்பிள்ளையின் இன்னொரு பையில் இருந்தது.

"கையப் புடிச்சுக் கூட்டியாந்திருக்கலாமல்ல?" என்று பாவாயி கேட்டாள்.

"புள்ள வாயத் தொறந்து கூப்புடாம நாமளே கூட்டியாந்தா, நல்லா இருந்த குடும்பத்தப் பொறந்த வீடே கெடுத்துதுன்னு ஆயிருமுங்க்கா" என்றாள் சம்பூரணம். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அப்பனுக்குப் பயம், அம்மாவுக்கு மானம், மகளுக்கு இரண்டும். கூப்பிடட்டும் என்று இவர்கள் காத்திருந்தார்கள், கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். அர்த்தநாரி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தவர் "யாரது, யாரது" என்று ஆரம்பித்தார். சம்பூரணம் ரிமோட்டை எடுத்தாள்.

"அமுக்காத, அமுக்காத" என்று பாவாயி ஓடிவந்தாள். "கொரலக் கேளு. அடித்தொண்டைல வருது, ஆனா நடுங்குது. இது அடிக்கற கையில்ல."

அர்த்தநாரியின் முதுகு வளைந்து நிமிர்ந்தது. யாரது, யாரது. சட்டைக்குள் யாரோ விரல் விட்ட மாதிரி அவர் நெளிந்தார். யாரது, யாரது. "எழுதறாங்க" என்றார், இரண்டு கத்தலுக்கு நடுவில் மூச்சு வாங்கி. "என்ன எழுத்துன்னு சொல்லுங்க" என்று சம்பூரணம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். யாரது, யாரது. "அ" என்றார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. யாரது, யாரது. "ப்" என்றார். புள்ளி வைத்த இடத்தில் முதுகு சுண்டியது. கடைசி எழுத்தை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. உடனே உள்ளங்கை ஒன்று அவர் முதுகை மேலிருந்து கீழாக அவசரமாகத் துடைத்தது, எழுதினது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

"இந்த ஒரு சொல்ல எழுதறதுக்கு எத்தன நாள் யோசிச்சுதோ புள்ள" என்றாள் பாவாயி. அழுதாள்.

சம்பூரணம் பொத்தானை அமுக்கி அவரை நிறுத்தினாள். அவர் செருப்பைத் தேடினார், பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்றார். மாப்பிள்ளை மில்லிலிருந்து பொழுதோடு வந்துவிடுவான், பஸ் தாராபுரம் போய்ச் சேருகிறதற்குள் பொழுதும் போய்விடும். சம்பூரணம் ரிமோட்டை அவர் கையில் வைத்து, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

"எட்டாதுங்க்கா. கூப்புடு தூரந்தான்" என்றார் கூட்டத்தில் நின்ற தேவராசு.

"அவ கூப்புட்டுட்டாளே" என்றாள் சம்பூரணம்.

அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். அவர் நெஞ்சுக்குள் ஏதோ இருமியது, திணறியது, பிறகு சீராக உறுமத் தொடங்கியது. உடம்பு முழுக்க லேசாக அதிர்ந்தது, கையிலிருந்த வெள்ளிக் காப்பு கடகடவென்று ஆடியது. ஓடுகிறது என்றோம். யாரும் உட்காரவில்லை. உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது, கால் மணி நேரம் ஆனதும் அணைந்துவிட்டது. சாவி போடவில்லை.

"பயந்து உள்ள ஓடிப்போயிருக்கும். திரும்ப அமுக்குங்க" என்றாள் பாவாயி.

திரும்ப அமுக்கினார். திரும்ப உறுமியது. இந்தத் தடவை அவர் விலாவில் கை வைத்துக்கொண்டு, "கதவு தெறக்குது" என்றார். பிறகு, "சீட்டுல கனம்" என்றார். எத்தனையோ ஆயிரம் லாரியை எடை போட்ட மனிதர், ஒரு பெண்ணின் எடை தன் மேல் உட்காருவதை உணர்ந்து, "எளச்சுப்போயிட்டா" என்றார்.  உறுமல் அறுந்தாற்போல நின்றது, அதிர்வு நின்றது, கண் சொருகியது, பந்தல்கால் மாதிரி விறைத்திருந்த மனிதர் துணி மாதிரித் துவண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வைகாசியிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"தேவராசு, என்னாச்சு?" என்று சம்பூரணம் கேட்டாள்.

தேவராசு உள்ளதைச் சொன்னார். "ரிமோட்டுல ஓடற வண்டீல சாவி போட்டுத் திருகியிருந்தாலும் இப்பிடித்தானுங்க்கா இருக்கும். அலாரம் விட்டுப்போயிரும். வயர அறுத்துப்போட்டிருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும்."

அந்த மத்தியானத்தைப் போல ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. அர்த்தநாரிக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. கூப்பிட்டால் கேட்கவில்லை. ரிமோட்டை அமுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். ஓடுகிற வண்டியில் அமுக்கினால் என்ன ஆகுமோ என்று தேவராசு தடுத்துவிட்டார். பாவாயி அவர் கையைத் தடவித் தடவிப் பார்த்து, காங்கயம் தாண்டியிருக்கும், சென்னிமலை தாண்டியிருக்கும், பெருந்துறை தாண்டியிருக்கும் என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கையில் சிலிர்ப்பு இல்லை, வேர்வை இல்லை. பெண்கள் அடுப்பு பற்றவைக்கவில்லை. வெள்ளாடுகள்கூடக் கத்தவில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து இத்தனை நாள் எப்போதடா வாயை மூடுவார் என்று கேலி பேசின மனிதர் வாயைத் திறக்க மாட்டாரா என்று தவித்தோம். பவானி தாண்டியிருக்கும், பாலம் ஏறியிருக்கும், குமாரபாளையம் வந்திருக்கும் என்றாள் பாவாயி. அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஊர் இல்லாமல் போனது, திரும்பவும் தாராபுரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், தெருமுனையில் தூசியோடு ஒரு கார் திரும்பியது. தூசி அப்பி வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பானெட்டில் இரண்டு இடம் நசுங்கியிருந்தது. அழிந்துபோன பழைய கோலத்தின் இடத்தில், சக்கரம் கொஞ்சம்கூடப் பிசகாமல் வந்து நின்றது.

இந்துஜா இறங்கினாள். வீட்டில் போட்டிருந்த நைட்டி, மேலே ஒரு துண்டு, காலில் செருப்பு இல்லை. உதட்டோரம் கன்றியிருந்தது. கறுப்பு டேப் பிசுக்கு ஒட்டின சாவியால், பழக்கத்தில், கதவைப் பூட்டினாள். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை, சம்பூரணம் அர்த்தநாரியின் தோளைப் பிடித்தபடியே இருந்தாள். இந்துஜா நசுங்கின பானெட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நாற்காலியில் அர்த்தநாரியின் கழுத்து நிமிர்ந்தது.

"யாரது, யாரது, யாரது" என்று அவர் கத்தினார்.

"நாந்தானுங்கப்பா" என்றாள்.

ரிமோட்டை யாரும் தொடவில்லை. அவர் தானாகவே நிறுத்திக்கொண்டார்.